தாவரத் தாங்கிகளில் ஈஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீர்க்கங்கூடு, கரும்புச் சக்கை, மரத்தூள், தென்னை நார் போன்றவற்றில் ஈஸ்ட் செல்களைத் தங்கவைத்துச் சர்க்கரைக் கரைசலை நொதிக்கச் செய்யும் முறை குறித்து, உயிர்த்தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் படிக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. சொந்தக் கையால் சோதனை செய்யப்போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அதனால் செய்முறையும் அளவீடும் விரிவாக இருக்கும். பாடப்புத்தகத்தில் எளிதாகக் கிடைக்கும் விளக்கங்கள் சுருக்கமாக இருக்கும்.

ஈஸ்ட்டை நிலைநிறுத்துவது என்றால் என்ன?

வழக்கமான நொதித்தலில் ஈஸ்ட் செல்கள் கரைசல் முழுவதும் மிதந்து திரிகின்றன. ஒரு செல்லின் குறுக்களவு சுமார் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சர்க்கரை தீர்ந்ததும் அவை அடியில் மண்டியாகப் படியும், இல்லையென்றால் கரைசலோடு சேர்ந்து வெளியே போய்விடும். நிலைநிறுத்தும்போது செல்கள் தாங்கி எனப்படும் ஒரு திடப்பொருளோடு தங்கிவிடுகின்றன. கரைசல் வரலாம், போகலாம், பெரும்பாலான செல்கள் போவதில்லை.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. ஒரு பரப்பின் மேல் செல்களை ஒட்டவைப்பது, நுண்துளைகளுக்குள்ளோ ஜெல்லுக்குள்ளோ சிறைப்படுத்துவது, செல்கள் தாமாகவே ஒன்றோடொன்று திரண்டு கட்டியாவது, சவ்வுக்குப் பின்னால் அடைத்துவைப்பது. தாவர நாரில் பெரும்பாலும் முதல் இரண்டும் கலந்தே நடக்கின்றன. நாரின் மேல் செல்கள் ஒட்டுகின்றன. நாருக்குள் இருக்கும் குழல்களிலும் இடுக்குகளிலும் ஒதுங்குகின்றன.

தாங்கியில் இருக்கும் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யுமா?

இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இது. தாங்கி ஈஸ்ட்டை இடத்தில் வைத்திருக்கிறது. அதன் முதல் வேலை அதுதான். ஒரு லிட்டர் கரைசலில் செல்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடுவதால் மொத்த நொதித்தல் வேகமெடுக்கிறது. ஒவ்வொரு தனிச்செல்லும் முன்பைவிட வேகமாகச் சர்க்கரையைத் தின்கிறது என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஒட்டிய செல்களின் வளர்சிதை மாற்றம் சிறிது மாறுவதும், ஆல்கஹாலைத் தாங்கும் திறன் கூடுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமானால் இரு பக்கத்திலும் செல் எண்ணிக்கையைச் சமமாக வைத்து ஒப்பிட்டாக வேண்டும். அப்படி ஒப்பிடாத ஆய்வறிக்கைகளை நான் ஐயத்தோடுதான் வாசிப்பேன்.

விளைச்சலுக்கும் ஓர் எல்லை உண்டு. 180 கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். அதாவது ஒரு கிராம் குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 0.51 கிராம் எத்தனால். எந்தத் தாங்கியும் இந்த வரம்பை மீற உதவாது. உங்கள் கணக்கில் 0.55 வந்தால் அளவீட்டில் பிழை இருக்கிறது, அல்லது தாங்கியிலிருந்தே சர்க்கரை கசிந்திருக்கிறது.

அப்படியானால் உண்மையான லாபம் எதில்?

தொடர் நொதித்தலில். 10 லிட்டர் கொள்ளளவுள்ள கலனில் ஒரு பக்கம் புதிய கரைசல் போய்க்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் நொதித்தது வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றால் அதன் வளர்ச்சி வீதம் மணிக்கு 0.35. மிதக்கும் செல்களை மட்டும் நம்பியிருந்தால் மணிக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் கரைசலைச் செலுத்த முடியாது. அதற்கு மேல் போனால் செல்கள் பெருகும் வேகத்தைவிட வெளியேறும் வேகம் கூடிவிடும். சிறிது சிறிதாகக் குறைந்து, கடைசியில் கலனில் ஈஸ்ட்டே மிஞ்சாது. செல்கள் நாரோடு தங்கிவிட்டால் இந்தக் கட்டுப்பாடு உடைகிறது. 5 லிட்டரோ 8 லிட்டரோ செலுத்தலாம். சர்க்கரை தீர்வதற்குப் போதிய நேரம் கிடைக்கிறதா என்பது மட்டுமே இனிப் பிரச்சினை.

தொகுதி முறையிலும் பயன் உண்டு. ஒரு தொகுதி முடிந்ததும் கரைசலை வடித்துவிட்டு, அதே தாங்கியின் மேல் அடுத்த கரைசலை ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஈஸ்ட் வளர்க்கும் நேரமும், அந்த வளர்ச்சிக்காகச் செலவாகும் சர்க்கரையும் மிச்சம். வெளிவரும் கரைசலும் கலங்கல் குறைந்து வருவதால் வடிகட்டுவது எளிது.

இது புதிய தொழில்நுட்பமா?

இல்லை. 1823-ல் ஜெர்மனியில் ஷூட்சென்பாக் அறிமுகப்படுத்திய விரைவு வினிகர் முறையே இதன் மூத்த வடிவம். உயரமான மரத்தொட்டியில் பீச் மரச் சீவல்களை நிரப்பி, மேலிருந்து ஆல்கஹால் கரைசலைச் சொட்டவிட்டு, கீழிருந்து காற்றை ஏறவிட்டார்கள். சீவல்களில் படர்ந்த அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள், பீப்பாயில் மாதக்கணக்கில் நடந்த வேலையைச் சில நாட்களில் முடித்தன. அங்கே உழைத்தது பாக்டீரியா. ஆனாலும் தாவரத் தாங்கியில் நுண்ணுயிரைத் தங்கவைத்துத் தொழில் நடத்தலாம் என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

நவீன நிலைநிறுத்தல் 1969-ல் ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டா குழுவினர் நிலைநிறுத்திய நொதியைக் கொண்டு அமினோ அமிலம் தயாரித்ததிலிருந்து தொடங்குகிறது. 1973-ல் அதே நிறுவனம் முழு பாக்டீரியா செல்களையே அப்படிப் பயன்படுத்தியது.

பியர்த் தொழிலில் இன்னொரு பழக்கம் உண்டு. பட்வைசர் பியரின் முதிர்ச்சித் தொட்டியில் பீச் மரச் சீவல்களைப் பரப்புகிறார்கள். மர வாசனைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சீவல்களை முன்கூட்டியே சோடியம் பைகார்பனேட்டில் கொதிக்கவைத்து வாசனையை எடுத்துவிடுகிறார்கள். ஈஸ்ட் மொத்தமாக அடியில் போய்ப் புதைந்துவிடாமல் பரவலாகத் தங்கிப் பியரோடு தொடர்பில் இருப்பதற்கான பரப்பாகவே அவை பயன்படுகின்றன.

எந்தத் தாவரப் பொருள்கள் ஏற்றவை?

நல்ல தாங்கிக்கு நான்கு குணங்கள் வேண்டும்: நீரில் பல நாள் கிடந்தாலும் உருக்குலையாமை, செல்கள் ஒதுங்க நிறைய இடுக்குகள், கரைசல் தடையின்றி ஊடுருவும் வெளி, கரைசலுக்குள் நச்சோ நிறமோ விடாமை. இவற்றை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலிடத்தில் நிற்பது நுரைப்பீர்க்கின் கூடு. குளிக்கும்போது உடம்பு தேய்க்கப் பயன்படுத்துகிறோமே, அதே கூடுதான். அதன் நார்கள் இயற்கையாகவே முப்பரிமாண வலையாகப் பின்னியிருக்கின்றன. கொள்ளளவில் மிகப் பெரும்பகுதி வெற்றிடம். அதனால் கரைசலும் வாயுவும் தடையின்றிப் போய்வருகின்றன. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஒக்போனாவும் ஹிதியோ தனகாவும் 1990-களில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். தானாகத் திரளும் இயல்புள்ள ஈஸ்ட் வகையை இந்தக் கூட்டில் தங்கவைத்தால் பிடிப்பு மிக நன்றாக இருப்பதைக் கண்டார்கள். பின்னர் சுகர் பீட் எனப்படும் சர்க்கரைக் கிழங்கின் சாற்றிலிருந்து எரிபொருள் எத்தனால் தயாரிக்க இதே தாங்கியைப் பெரிய கலன்களிலும் பயன்படுத்திக் காட்டினார்கள்.

அடுத்தது, லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) நீக்கிய மரத்தூள். கிரேக்கத்தின் பட்ராஸ் பல்கலைக்கழகத்தில் அதனாசியோஸ் குட்டினாஸ் குழு 1994-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது புகழ்பெற்றது. வைன் நொதித்தலுக்காக அவர்கள் உருவாக்கிய இந்தத் தாங்கி குறைந்த வெப்பநிலையிலும் வேலை செய்தது. அதே குழு ஆப்பிள் துண்டு, சீமை மாதுளைத் துண்டு, உலர் திராட்சை ஆகியவற்றிலும் ஈஸ்ட்டைத் தங்கவைத்துப் பார்த்திருக்கிறது. பழத்துண்டுகள் வைனுக்கு மணம் சேர்க்கும். ஆனால் நாளாக ஆகக் குழைந்துபோகும். தம்மிடமிருக்கும் சர்க்கரையையும் சத்தையும் கரைசலுக்குள் விடும். வைனுக்கு அது வரவேற்கத்தக்கது. துல்லியமான ஆய்வுக்கு அது தொந்தரவு.

பியர் ஆலையில் மிஞ்சும் பார்லிச் சக்கையைப் போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தார் அமிலத்தாலும் காரத்தாலும் பக்குவப்படுத்திப் பியருக்கே தாங்கியாக்கினார்கள். ஓர் ஆலையின் கழிவு அதே ஆலையின் கலனுக்குள் திரும்பிப் போகிறது என்பதால் எனக்கு இந்த ஆய்வின் மீது தனி மதிப்பு.

கரும்புச் சக்கையும் கரும்புத் தண்டுத் துண்டுகளும் பிரேசிலிலும் சீனாவிலும் சோதிக்கப்பட்டவை. சக்கையில் செல்லுலோஸ் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல், லிக்னின் 20 சதவீதம் அளவில். மலிவு, ஏராளம், ஆனால் கலனில் நிரப்பினால் அழுந்திக் கெட்டித்துப்போகும். தென்னை நாரில் லிக்னின் 40 சதவீதத்தைத் தாண்டுவதால் எளிதில் மட்காது. இருந்தாலும் பழுப்பு நிறத்தையும் டானின்களையும் நெடுநேரம் கசியவிடும். பலமுறை கொதிக்கவைத்து நீரை மாற்றாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஈஸ்ட்டே அந்த நாரைத் தின்றுவிடாதா?

தின்னாது. ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியேயிடம் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி இல்லை. நார் மட்கினால், வேறு பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள்.

காரத்தில் கொதிக்கவைப்பது கட்டாயமா?

தாங்கியைப் பொறுத்தது. மரத்தூளுக்கு அவசியம். பட்ராஸ் முறைப்படி 100 கிராம் மரத்தூளை ஒரு லிட்டர் 1 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 3 மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாகக் கழுவ வேண்டும். லிக்னினும் பிசினும் வெளியேறுவதால் மரத்தின் நுண்குழல்கள் திறக்கின்றன; செல்கள் உள்ளே போக இடம் கிடைக்கிறது. ஈஸ்ட்டுக்குக் கெடுதல் செய்யும் பீனால் சேர்மங்களும் பெருமளவு கழன்றுவிடும்.

பீர்க்கங்கூட்டுக்கு வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து, நிறம் வருவது நிற்கும்வரை நீரை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

காரக் கரைசலைக் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். கொதிக்கும் காரம் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கழுவிய நீரின் பிஎச் 7-க்கு வரும்வரை கழுவுவதை நிறுத்த வேண்டாம். மரத்தூள் வாங்கும்போது ஒட்டுப்பலகை அறுத்த தூளையும், பூச்சிமருந்து ஏற்றிய மரத்தின் தூளையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் உள்ள பசையும் மருந்தும் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும்.

செல்கள் நாரில் எப்படி ஒட்டிக்கொள்கின்றன?

ஈஸ்ட்டின் செல்சுவர் எதிர்மின் தன்மை உடையது. செல்லுலோஸ் பரப்பும் பெரும்பாலும் அப்படியே. மின்விசை மட்டும் இருந்தால் இரண்டும் விலகத்தான் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு, நீரை வெறுக்கும் பகுதிகளுக்கு இடையிலான ஈர்ப்பு, செல்சுவரில் உள்ள ஒட்டுப்புரதங்கள் ஆகியவை அந்த விலக்கத்தை வெல்கின்றன. கால்சியம் அயனிகள் செல்கள் தமக்குள் திரள்வதற்கு உதவுகின்றன. இவற்றோடு சேர்த்து எளிமையான காரணம் ஒன்றும் இருக்கிறது: நாரின் குழலுக்குள் போன செல்லைக் கரைசலின் ஓட்டம் எட்டித் தொடுவதில்லை, அங்கேயே பெருகி இடத்தை நிரப்புகிறது.

டைஎத்தில் அமினோ எத்தில் செல்லுலோஸ் என்று ஒரு பொருள் உண்டு. செல்லுலோஸுக்கு வேதிமுறையில் நேர்மின் தன்மை கொடுத்தது. ஈஸ்ட் அதில் நன்றாக ஒட்டும் என்பதால் பின்லாந்தில் பியரை முதிரவைக்க இதைத் தொழில் அளவில் பயன்படுத்தினார்கள். வாரக்கணக்கில் எடுக்கும் முதிர்ச்சியைச் சில மணி நேரமாகக் குறைக்க முடிந்தது. விலைதான் அதன் குறை; அதனால்தான் பிறகு மரச் சீவல்களையும் அங்கே சோதித்தார்கள்.

ஆய்வகத்தில் எளிய செய்முறை ஒன்று சொல்ல முடியுமா?

முற்றிக் காய்ந்த நுரைப்பீர்க்கின் தோலையும் விதையையும் நீக்கி, கூட்டை ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைத்து நீரை வடியுங்கள். நிறம் நின்றுபோகும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். உலர்த்தி எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள்.

லிட்டருக்கு ஈஸ்ட் சாறு 10 கிராம், பெப்டோன் 20 கிராம், குளுக்கோஸ் 20 கிராம் கொண்ட வளர்ப்பு ஊடகத்தில் ஈஸ்ட்டைப் போட்டு, துண்டுகளையும் சேர்த்து 30 டிகிரியில் 24 மணி நேரம் மெதுவாக ஆட்டியபடி வையுங்கள். வேகமாக ஆட்டினால் ஒட்டிய செல்கள் கழன்றுவிடும். அடுத்த நாள் ஊடகத்தை வடித்து, துண்டுகளைக் கிருமி நீக்கிய நீரில் மென்மையாக அலசிவிட்டு, 10 சதவீதச் சர்க்கரை கொண்ட புதிய ஊடகத்தில் இடுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகுதான் துண்டுகளில் செல்கள் நிறைந்து வேகம் நிலைபெறும். முதல் சுற்றின் முடிவை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் இதைவிடச் சிறந்ததா?

பழுப்புக் கடற்பாசியைத் தாவரவியலார் தாவரப் பிரிவில் சேர்ப்பதில்லை; இருந்தாலும் மாணவர்கள் இரண்டையும் ஒப்பிடுவதால் சொல்கிறேன். 2 முதல் 4 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டில் ஈஸ்ட்டைக் கலந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால் உடனே உருண்டைகளாக இறுகும். செய்ய எளிது, பார்க்க அழகு, செல்களையும் எண்ணிச் சேர்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் செய்துகாட்ட இதைவிட நல்லது கிடையாது.

பெரிய அளவில் நெடுநாள் ஓட்டினால்தான் பலவீனம் தெரியும். பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் கால்சியத்தைப் பிடித்திழுப்பதால் உருண்டைகள் இளகிக் கரைகின்றன. உள்ளே உருவாகும் கார்பன் டை ஆக்சைடு அவற்றை விரிசல் விடச் செய்கிறது. ஆக்சிஜன் பரப்பிலிருந்து மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழம் வரைதான் போகும் என்பதால் நடுவில் இருக்கும் செல்கள் நலிகின்றன. நாருக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. பதிலாக, அதில் செல்கள் கழன்று கரைசலுக்குள் வருவதைத் தடுக்க முடியாது.

ஆல்ஜினேட் தரும் சர்காசம் பாசியை மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை என்பார்கள். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் அதுவும் ஒன்று. ஆய்வகத்தில் ஒரு பொட்டலம் ஆல்ஜினேட்டைப் பிரிக்கும்போது அந்த உழைப்பை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் கல்லூரியில் விலை உயர்ந்த கருவிகள் இல்லை. ஆல்கஹாலை எப்படி அளப்பது?

எடைத்தராசு போதும். நொதிக்கும் குடுவையைக் காற்றடைப்பான் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) பொருத்தி அவ்வப்போது எடை பாருங்கள். வெளியேறிய கார்பன் டை ஆக்சைடின் எடையை 1.045-ஆல் பெருக்கினால் உருவான எத்தனாலின் எடை கிடைக்கும். 46-ஐ 44-ஆல் வகுத்து வரும் எண் அது. 200 மில்லிலிட்டரில் 20 கிராம் குளுக்கோஸ் இருந்தால், முழுமையாக நொதித்தபின் எடை கிட்டத்தட்ட 9.8 கிராம் குறைய வேண்டும். ஈஸ்ட் போடாத குடுவை ஒன்றையும் பக்கத்தில் வைத்து, ஆவியான நீரின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒளிவிலகலைக் கொண்டு சர்க்கரை அளவை (பிரிக்ஸ்) காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை நொதித்தலின் நடுவில் நம்ப வேண்டாம். ஆல்கஹால் ஒளிவிலகலை மாற்றிவிடும். சர்க்கரை இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். நிறமாற்றத்தால் சர்க்கரையைக் காட்டும் டைநைட்ரோ சாலிசிலிக் அமில முறையில் அளப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சுக்ரோஸ் அந்தச் சோதனையில் தெரியாது. கரும்புச் சாற்றையோ மொலாசஸையோ (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு) பயன்படுத்தினால் முதலில் அமிலத்தில் சூடாக்கிக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

வேலை செய்வது நாரில் இருக்கும் செல்களா, கரைசலில் மிதப்பவையா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரை நான் மிகவும் மதிக்கிறேன். பலர் கேட்பதே இல்லை. நாரில் பெருகும் செல்கள் தொடர்ந்து கழன்று கரைசலில் சேர்கின்றன. கரைசலில் போதிய நேரம் இருந்தால் அங்கேயும் பெருகுகின்றன. தொகுதி முறையில் ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மிதக்கும் செல்களே பாதி வேலையைச் செய்திருக்கக்கூடும். அந்த முழுப் பெருமையையும் தாங்கிக்கு எழுதிவிடுகிறார்கள்.

சோதிக்கும் வழி எளிது. நொதித்தல் பாதியில் இருக்கும்போது கரைசலை வடித்தெடுங்கள். அதிலுள்ள செல்களை மட்டும் பிரித்து, அதே அளவு புதிய ஊடகத்தில் ஒரு குடுவையில் இடுங்கள். அலசிய தாங்கியை இன்னொரு குடுவையில் இடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் இரண்டும் எவ்வளவு எடை இழக்கின்றன என்று ஒப்பிடுங்கள். பங்கு எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குடுவைகள் மூன்று தேவை: ஈஸ்ட் இல்லாமல் தாங்கி மட்டும், தாங்கி இல்லாமல் ஈஸ்ட் மட்டும், தாங்கியை ஊறவைத்து எடுத்த நீரோடு ஈஸ்ட். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பார்லிச் சக்கையிலிருந்தும் பழத்துண்டிலிருந்தும் நைட்ரஜனும் தாதுக்களும் கசியும். ஈஸ்ட்டுக்கு அது தீனி. வேகம் கூடியதற்குத் தீனி காரணமா, தங்குமிடம் காரணமா என்பதை அந்தக் குடுவைதான் பிரித்துக்காட்டும்.

தாங்கியில் செல் எவ்வளவு இருக்கிறது என்பதை உலர் எடை வித்தியாசத்தால் மட்டும் சொல்லாதீர்கள். நார் சர்க்கரையை உறிஞ்சிவைத்திருக்கும். நன்றாக அலசிய துண்டை உப்புநீரில் வேகமாகச் சுழற்றிக் குலுக்கி, கழன்ற செல்களை நுண்ணோக்கியில் எண்ணுங்கள். கழலாமல் மிஞ்சியதை நைட்ரஜன் அளவீட்டால் மதிப்பிடலாம்.

கலனுக்குள் வாயு தேங்குகிறதே, ஏன்?

100 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் ஏறக்குறைய 49 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். 25 டிகிரியில் அது சுமார் 27 லிட்டர். ஒரு லிட்டர் கரைசலிலிருந்து இவ்வளவு வாயு வெளியேற வேண்டும். நாரை இறுக்கி நிரப்பிய கலனில் வாயுவுக்கு வழி கிடைக்காமல் அங்கங்கே தேங்கும். கரைசல் அந்த இடங்களைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கலனில் பாதி வெறுமனே கிடக்கும். கலனைச் சற்றுச் சாய்த்துவைப்பது, கீழிருந்து மேலாகக் கரைசலைச் செலுத்துவது, தாங்கியைத் தளர்வாக அடுக்குவது, உயரமான ஒரே கலனுக்குப் பதில் குட்டையான இரண்டைத் தொடராக வைப்பது ஆகியவை உதவும். பீர்க்கங்கூட்டை நான் முதலிடத்தில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே தாங்கியை எத்தனை நாள் பயன்படுத்தலாம்?

கிருமித் தொற்று இல்லாமல் காத்தால் வாரங்கள், மாதங்கள்கூட ஓட்டலாம். ஆனால் ஆக்சிஜன் துளியும் இல்லாமல் நெடுநாள் வைத்தால் ஈஸ்ட் தளரும். அதன் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் உருவாக்கச் சிறிது ஆக்சிஜன் வேண்டும். வேகம் குறையத் தொடங்கும்போது சில மணி நேரம் கிருமி நீக்கிய காற்றை ஊட்டினால் பெரும்பாலும் மீளும்.

புளிப்பு வாடை வருகிறது. என்ன செய்வது?

லாக்டிக் அமில பாக்டீரியா குடியேறிவிட்டது. ஈஸ்ட் ஒதுங்கும் அதே இடுக்குகளில் அதுவும் ஒதுங்கும், கழுவினால் போகாது. ஊடகத்தின் பிஎச்சை 4-க்குக் கீழே வைத்துத் தொடங்குவது நல்ல தற்காப்பு. பிரேசில் ஆலைகள் ஈஸ்ட்டைக் கந்தக அமிலம் கலந்து பிஎச் 2 முதல் 3 வரை இறக்கி ஓரிரு மணி நேரம் வைத்து பாக்டீரியாவைக் கொல்கின்றன. ஈஸ்ட் அதைத் தாங்கிக்கொள்ளும். தாங்கியோடு சேர்த்தும் இதை முயலலாம். தொற்று முற்றிவிட்டால் தாங்கியை ஆட்டோகிளேவ் செய்து, புதிதாகத் தொடங்குங்கள்.

இவ்வளவு நன்மை இருந்தும் சாராய ஆலைகள் ஏன் இதைப் பரவலாகப் பின்பற்றவில்லை?

போட்டியாளர் வலுவானவர். பிரான்சில் 1930-களில் உருவான மெல்-புவானோ முறையில், நொதித்த கரைசலை மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி ஈஸ்ட்டைப் பிரித்து, அமிலத்தில் பக்குவப்படுத்தி, மறுபடியும் கலனுக்கு அனுப்புகிறார்கள். பிரேசிலின் பெரும்பாலான எத்தனால் ஆலைகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. செல் அடர்த்தி மிக அதிகமாக இருப்பதால் ஒரு தொகுதி 6 முதல் 10 மணி நேரத்தில் முடிகிறது. தாங்கி இல்லாமலே தாங்கி தரும் பலன் கிடைக்கிறது.

நம் நாட்டு ஆலைகளில் மொலாசஸ்தான் நெடுங்காலம் முதன்மை மூலப்பொருளாக இருந்தது. ஒரு டன்னிலிருந்து சுமார் 220 முதல் 250 லிட்டர் ஆல்கஹால் கிடைக்கும். அதில் சேறும் கால்சியம் உப்பும் அதிகம். நார் நிரப்பிய கலனை அவை சில வாரங்களில் அடைத்துவிடும். தெளிவான கரைசலுக்கு நன்றாக ஓடும் கலன், கலங்கலான மொலாசஸில் தடுமாறும். ஆய்வறிக்கைகளில் தூய குளுக்கோஸைக் கொண்டு பெற்ற வேகத்தைக் காட்டி ஆலை முதலாளியை இணங்கவைக்க முடியாததற்கு இதுவே காரணம். சிறு அளவு வைன், வினிகர், தெளிந்த பழச்சாறு, பியர் முதிர்ச்சி ஆகியவற்றில்தான் தாவரத் தாங்கிக்கு உடனடி வாய்ப்பு இருப்பதாகக் கருதுகிறேன்.

கள் இறக்கும் கலயமும் ஒருவகையில் இதுதானே?

நெருங்கிய உறவு. மண்கலயத்தின் நுண்துளைகளிலும் அடியில் தங்கும் மண்டியிலும் முந்தைய நாளின் ஈஸ்ட் இருக்கும். அடுத்த முறை சொட்டும் பாளைச்சாறு அதனால் உடனே நொதிக்கத் தொடங்குகிறது. பதநீர் இறக்குபவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது இதற்கு நேரெதிரான செயல்: சாறு காரமாவதால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அடங்கிவிடுகின்றன. கலயத்தில் இருப்பது பல நுண்ணுயிர்கள் கலந்த கூட்டம். ஆய்வகத் தாங்கியில் நாம் ஒரே வகை ஈஸ்ட்டை வைக்கிறோம். வேறுபாடு அதில்தான்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாமா?

மது தயாரிக்க வேண்டாம். 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். வீட்டில் காய்ச்சி வடிப்பது சட்டத்துக்குப் புறம்பானது மட்டுமின்றி, தீ விபத்துக்கும் நச்சுக்கும் வழிவகுக்கும். கல்லூரி ஆய்வகத்தில், துறையின் ஒப்புதலோடு, குடுவை அளவில் செய்யுங்கள். சோதனை முடிந்த கரைசலை யாரும் குடிக்கக் கூடாது.

இறுதியாண்டுத் திட்டத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

பீர்க்கங்கூடு, கரும்புச் சக்கை, தென்னை நார் மூன்றையும் ஒரே உலர் எடையில் எடுத்துக்கொள்ளுங்கள். தெளியவைத்த மொலாசஸ் கரைசல் ஒன்று, தெளியவைக்காதது ஒன்று என இரண்டிலும், ஒரே வகை ஈஸ்ட்டைக் கொண்டு பத்துத் தொகுதிகள் தொடர்ந்து ஓட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் எடை இழப்பு, மிதக்கும் செல் எண்ணிக்கை, பிஎச் மூன்றையும் குறித்துவாருங்கள். மேலே சொன்ன மூன்று கட்டுப்பாட்டுக் குடுவைகளையும் சேர்த்து வையுங்கள். ஐந்தாம் தொகுதியிலும் பத்தாம் தொகுதியிலும் கரைசலையும் தாங்கியையும் பிரித்து, யார் எவ்வளவு வேலை செய்கிறார் என்று சோதியுங்கள். எந்த நார் முதலில் அடைத்துக்கொள்கிறது, எது முதலில் புளிக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்; வேகக் கணக்கைவிட அந்தக் குறிப்பே ஆலைக்காரர்களுக்கு அதிகம் பயன்படும்.